விலை வேறு, பயன் வேறு

விழா மலர்களில் சமயம், மொழி, கல்வி ஆகிய பெரும் பொருள்களைப் பற்றி எழுதுவதே வழக்கு. யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. குடை, சப்பாத்து, கத்தி, விளக்கு, தையல் இயந்திரம் என நாள்தோறும் கைபடும் பொருள்களைப் பற்றியே இங்குச் சில சொல்லப் புகுகின்றோம். இவை கல்லூரி மலரில் இடம்பெறத் தக்கனவோ என ஐயுறுவார் உளராயின், அவர் டிக்கோயாவுக்கு வந்து, தோட்டங்களிற் சம்பளம் வழங்கப்பட்ட மறுநாள் ஹற்றன் கடைவீதியிற் சிறிது நேரம் நின்று பார்ப்பாராக. உழைத்துப் பெற்ற பணம் எவ்வெப் பொருளாக மாறுகின்றது, அப்பொருள் எத்தனை நாள் நிலைக்கின்றது என்பவற்றை அறிந்தால், ஒரு குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவு எவ்விடத்திற் கரைந்து போகின்றது என்பதும் விளங்கும்.

இப்பொருள் பற்றி நம்மவரிடையே இரு கட்சிகள் உண்டு. முதியோர், "அக்காலத்துப் பொருளே பொருள், இக்காலத்தன எல்லாம் வெறும் தகரம்" என்பர். இளையோர், "புதியது வந்தபின் பழையதைக் கட்டி அழுவானேன்?" என்பர். இரு கட்சியாரும் பொருளின் வயதைப் பார்க்கின்றனரேயன்றி அதன் பயனைப் பார்க்கின்றாரில்லை. பழைமை ஒரு தகுதியும் அன்று. புதுமை ஒரு குற்றமும் அன்று. ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும், பழுதுற்றால் அதனைச் செப்பனிட இயலுமா, அஃது இம்மலையின் மழைக்கும் குளிருக்கும் ஏற்றதா என்னும் வினாக்களே தரத்தை அளக்கும் கோல்களாம்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் தேயிலைத் தொழிற்சாலைகளே போதிய சான்று. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டபோது, கொழுந்து மேசைமீது கையால் உருட்டப்பட்டது. மண் அடுப்பிற் கரி நெருப்பின் மேல் உலர்த்தப்பட்டது. பின்னர் அசாமிலே தேயிலைத் தொழிலிற் பழகிய வில்லியம் ஜாக்சன் கொழுந்தை உருட்டும் இயந்திரங்களை வகுத்தார். கச்சாரிலே தோட்டக்காரராயிருந்த சாமுவேல் டேவிட்சன் 1881-இல் பெல்பாஸ்ட் நகரில் 'சிறொக்கோ' என்னும் பெயரிற் தொழிற்கூடம் நிறுவி, தேயிலை உலர்த்தும் இயந்திரங்களைச் செய்தார். அவ்விருவர் வகுத்த முறையில் அமைந்த உருட்டும் மேசைகளும் உலர்த்திகளும் மலைநாட்டுத் தொழிற்சாலைகள் பலவற்றுக்கு நெடுங்காலம் உயிர்நாடியாக இருந்தன. அவற்றுட் சில இன்றும் நூதனசாலைக்குப் போகாமல் தொழிற்சாலையிலேயே சுழல்கின்றன.

அவை நிலைத்ததன் காரணம் யாது? இரும்பு கனமாக இருந்தது என்பது உண்மையே. ஆனால் அஃதொன்றே காரணமன்று. அவ்வியந்திரத்தின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிவன. திருகாணியைக் கழற்றினால் பிரிந்து வருவன. தேய்ந்த பித்தளைப் பட்டையை எடுத்துவிட்டுப் புதியதொன்றைப் பொருத்தலாம். உடைந்த பற்சக்கரத்தைப் பார்த்து உள்ளூர்ப் பட்டறையில் மற்றொன்றை வார்த்துக்கொள்ளலாம். நீராவியால் ஓடியது பின்னர் எண்ணெய் இயந்திரத்தால் ஓடியது. அதன் பின்னர் மின்னோடியால் ஓடிற்று. உடல் பழையதாகவும் உயிர் புதியதாகவும் அமைய அஃது இடந்தந்தது. திறக்கவும் திருத்தவும் இயன்ற பொருளே நீடுவாழும் என்பது தொழிற்சாலை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இதே பாடத்தை வீட்டினுள்ளும் காணலாம். சிங்கர் நிறுவனம் இலங்கையில் 1877-இல் வணிகம் தொடங்கியது. பாட்டி மிதித்த சிங்கர் இயந்திரத்திற் பேர்த்தி தைக்கும் வீடுகள் நம் நாட்டில் அருமையல்ல. அவ்வியந்திரத்தில் எண்ணெய் விடுதற்கெனவே துளைகள் அமைந்துள்ளன. நூல் சிக்கினால் அடித்தட்டைத் திறந்து தூசு துடைக்கலாம். பழைய சிங்கர்கள் பலவற்றுக்குப் பொருந்தும் அதே வகை ஊசி இன்றைய வீட்டு இயந்திரங்களுக்கும் பொருந்துவதால், நூறாண்டு கண்ட இயந்திரத்துக்கும் ஊசி கடையிற் கிடைக்கின்றது. ஊசி கிடைக்காதிருப்பின், எத்துணை உறுதியான இரும்பாயினும் அஃது ஓர் அலங்காரப் பொருளாய் மூலையில் நின்றிருக்கும்.

ஆயினும் முதியோர் கட்சி இதனைக் கேட்டு முற்றும் மகிழ்தற்கில்லை. நாம் இன்று காணும் பழைய பொருள்கள் எல்லாம் காலம் என்னும் சல்லடையில் தங்கியவை. அவற்றோடு பிறந்து, இரண்டாண்டில் உடைந்து, குப்பையிற் சேர்ந்தவற்றை எவரும் காண்பதில்லை. ஆதலின் எஞ்சிய சிலவற்றைக் கொண்டு அக்காலத்துப் பொருள் யாவும் சிறந்தன என்று முடிவு கட்டுதல் பிழையாகும்.

பழையன யாவும் பாதுகாப்பானவை என்பதும் இல்லை. குப்பி விளக்கை எடுத்துக்கொள்வோம். காசல்றீ நீர்த்தேக்கமும் நோர்ட்டன் பிறிட்ஜில் அமைந்த விமலசுரேந்திர மின்நிலையமும் 1965-இல் இயங்கத் தொடங்கின. நம் கண்ணெதிரே ஓடிய நீர் நாடு முழுவதற்கும் ஒளி தந்தது. ஆயினும் அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த தோட்டங்களின் லயத்துக் காம்பராக்களில் நெடுங்காலம் எரிந்தது குப்பி விளக்கேயாகும். எறிந்துவிட்ட போத்தலிலோ எரிந்துபோன மின்குமிழிலோ மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட அவ்விளக்குக்கு விலை ஒன்றுமில்லை. ஆனால் அது சரிந்து விழுந்தால் எண்ணெய் சிந்தும், தீப்பற்றும். அதனால் தீக்காயமுற்ற பெண்களும் குழந்தைகளும் எண்ணிலர். விலையில்லாப் பொருள் சில வேளைகளில் உயிரையே விலையாகக் கேட்கும் என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

இக்கொடுமையை மருத்துவமனையிற் கண்ணுற்ற அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, 1992-இல் 'சுதீபா' என்னும் பாதுகாப்பு விளக்கை அமைத்தார். அது குட்டையானது, கனத்த கண்ணாடியாலானது, எளிதிற் சரியாது. சரிந்தாலும் உருளாதவாறு இரு பக்கமும் தட்டையாக்கப்பட்டது. மூடி திருகி இறுக்குவதாகலின் எண்ணெய் சிந்தாது. மாமைட் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டியது என்பர். 1998-இல் இவ்வாக்கத்துக்காக அவருக்கு உலகப் புகழ் வாய்ந்த றோலெக்ஸ் விருது கிடைத்தது. தரம் என்பது பெருஞ்செல்வர்க்கே உரியதன்று என்பதை அச்சிறு விளக்கு நிறுவிற்று. பயன்படுத்துவார் யார், எவ்விடத்தில், எத்தகைய இடர்ப்பாட்டுடன் என்று எண்ணிச் செய்தால், மிக மலிந்த பொருளும் மிகச் சிறந்த பொருளாகலாம்.

மின்குமிழிலும் புதுமையின் பக்கமே நியாயம் உள்ளது. பழைய 60 வாற்று இழைக்குமிழ் தந்த ஒளியை இன்று ஏறத்தாழ 9 வாற்று எல்.இ.டி. குமிழ் தருகின்றது. நாளொன்றுக்கு 5 மணிநேரம் எரித்தால் பழையது மாதம் 9 அலகு மின்சாரம் உண்ணும். புதியதற்கு ஒன்றரை அலகும் வேண்டா. இங்கே பழைமையைப் போற்றுதல் பணத்தை எரித்தலேயாம்.

இனி நம் தோட்டத் தொழிலுக்குரிய சில பொருள்களை நோக்குவோம். மழைக்குக் கம்பளி போர்த்துக் கொழுந்து பறித்தவர் நம் மூதாட்டியர். கம்பளி நனைந்தாலும் சூட்டை ஓரளவு காக்கும். தேயிலைக் கிளை கீறினாலும் கிழியாது. ஆனால் நனைந்த கம்பளியின் சுமை தோளை அழுத்தும். அது காய்வதற்கு லயத்திற் போதிய இடமுமில்லை. இன்றைய மழையங்கி இலேசானது, நீரை உட்புகவிடாது. ஆனால் மெல்லிய பொலித்தீன் அங்கி ஒரு பருவமழைக்கும் தாங்காது. உள்ளே வியர்வை தேங்கி உடையை நனைக்கும். கூடையும் அவ்வாறே. மூங்கிற் கூடையினுட் காற்று உலவுதலாற் கொழுந்து வெம்பாது. சாக்கில் அமுக்கித் திணித்த கொழுந்து கசங்கிச் சூடேறும். தேநீரின் தரம் அங்கேயே குன்றத் தொடங்கும். எனினும் நனைந்த கூடையைச் சுமப்பவர் கொழுந்தன்று, ஒரு பெண். காற்றுப் புகும் இலேசான வலைப்பை இரு குறையையும் ஒருங்கே தீர்க்க வல்லது. இங்குப் பழையதும் புதியதும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்கவேண்டியுள்ளது.

கவ்வாத்துக் கத்தியைப் பற்றியும் ஒரு சொல். கூர் மழுங்கிய கத்தியால் வெட்டினால் தேயிலைச் செடியின் கிளை பிளந்து சிதையும். அப்புண்வழியே நோய் புகும். எனவே கத்தியின் தரம் செடியின் ஆயுளைப் பற்றியது. துருப்பிடிக்கும் பழைய உருக்கு, தினமும் துடைத்து எண்ணெய் பூசுவார்க்கு நல்ல கூர் தரும். பராமரிக்க மனமில்லாதவர்க்கோ ஒரு மழைக்காலத்தில் வீணாகும். பொருளின் தரத்திற் பாதி செய்தவன் கையில் உள்ளது. மறுபாதி வைத்திருப்பவன் கையில் உள்ளது.

ஆயுத பூசையன்று நாம் கருவிகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடுகின்றோம். மாணவர் நூல்களையும் எழுதுகோல்களையும் கலைமகள் முன் வைத்து வணங்குகின்றனர். நன்று. ஆனால் மறுநாள் முதல் அடுத்த ஆண்டுவரை அக்கருவி மழையிற் கிடக்குமாயின், அந்த வணக்கத்துக்குப் பொருள் யாது? துருவைத் துடைத்தலும் எண்ணெயிடுதலும் சாணை பிடித்தலும் அவ்வணக்கத்தின் தொடர்ச்சி என்றே யாம் கொள்கின்றோம்.

பொருள்கள் விரைவில் அழிவதற்கு வாங்குவோரின் கவனக்குறைவு மட்டுமே காரணமா எனின், அன்று. 1924-இல் உலகின் பெரிய மின்குமிழ் உற்பத்தியாளர் ஜெனீவாவிற் கூடி, குமிழ் ஒன்றின் ஆயுளை 1000 மணிநேரத்துக்கு மட்டுப்படுத்த உடன்பட்டனர். அதனினும் நெடிது எரியும் குமிழைச் செய்தவர் அபராதம் செலுத்த நேர்ந்தது. நீடித்து உழைக்கும் பொருள் வணிகனுக்கு நட்டம் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. அதன் வழித்தோன்றல்களை இன்று நம் சட்டைப்பைக்குள்ளேயே காணலாம். மின்கலத்தைப் பசையால் ஒட்டி, உறையை மூடி, திறப்பதற்கு வழியின்றிச் செய்த கைத்தொலைபேசி, மின்கலம் சோர்ந்தவுடன் தானும் மாளும் நிலைக்கு வருகின்றது. செப்பனிடும் உரிமையை வற்புறுத்தி ஐரோப்பிய ஒன்றியம் 2024-இற் சட்டவிதி இயற்ற நேர்ந்ததும் இதனாலேயே. செல்வம் மிக்க நாடுகளே செப்பனிடலின் அருமையை உணரும்போது, நாம் அதனை இழிவென எண்ணுவது பேதைமை.

இவ்வருமையை நம் நாடு இருமுறை பட்டறிந்துள்ளது. 1970-களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது, கிடைத்ததைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தும் கைத்திறன் ஊர்தோறும் வளர்ந்தது. 1977-இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் கடைகளிற் புதுப்பொருள் குவிந்தது. அக்கைத்திறன் மெல்ல ஒடுங்கிற்று. பின்னர் 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் விலை சில கிழமைகளில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அவ்வாண்டு ஆகத்தில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அந்நாள்களில் தூக்கியெறிந்த பழைய மிதிவண்டியைத் தேடிச் சென்றவர் எத்தனை பேர்! நெருக்கடி வரும்போது மட்டும் செப்பனிடுவோனைத் தேடுவதும், அது நீங்கியவுடன் அவனை மறப்பதும் அறிவுடைமையாகாது.

இனி, யாம் இக்கட்டுரை எழுதத் துணிந்ததன் உண்மைக் காரணத்துக்கு வருகின்றோம். ஒரு சோடி சப்பாத்து 1500 ரூபா என்றும் அது ஆறு மாதம் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். மற்றொரு சோடி 4500 ரூபா. அது மூன்றாண்டு உழைக்கும். மூன்றாண்டுக் கணக்கில் முதலாமவன் ஆறு சோடி வாங்கி 9000 ரூபா செலவிடுகின்றான். இரண்டாமவன் செலவு 4500 மட்டுமே. அதாவது ஏழை, செல்வனைப் போல் இருமடங்கு கொடுத்தும், பாதிநாள் ஈரக்காலுடனே நடக்கின்றான். இக்கணக்கு அவனுக்குத் தெரியாததன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021-இல் 1000 ரூபாவாகவும், 2024-இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பின்னைய கணக்கின்படியும் அந்நல்ல சப்பாத்துக்கு மூன்று நாள் உழைப்புக்கு மேல் வேண்டும். அரிசிக்கும் மாவுக்கும் கொடுத்தபின் அத்தொகையை ஒருங்கே எடுத்து வைக்க அவனால் இயலாது. அறியாமையன்று, கையிருப்பின்மையே அவனை மலிவுச் சரக்கின்பால் தள்ளுகின்றது.

தவணை முறை இதற்கு ஒரு பரிகாரமாக வந்தது. சிங்கர் நிறுவனமே அமெரிக்காவில் 1856 முதல் தவணைக்கு இயந்திரம் விற்று, ஏழைத் தையற்காரியும் அதனைப் பெற வழி செய்தது. நல்ல கருவியைத் தவணையில் வாங்கி, அதனால் வருவாய் தேடுவது தக்கதே. ஆனால் தவணை முடியுமுன்னரே உடைந்துபோகும் அலங்காரப் பொருளுக்கு வட்டி கட்டுவது, இறந்த மாட்டுக்குப் புல் வாங்குவது போலாகும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம்: "அவ்வாறாயின் விலை கூடியதையே வாங்குக என்கின்றீரோ?" இல்லை. விலை உயர்ந்தது யாவும் தரமுடையது என்பதும் ஒரு மயக்கமே. பெயர்பெற்ற முத்திரையைப் போலியாகப் பொறித்து விற்பவரும் உளர். பளபளப்புக்கும் விளம்பரத்துக்கும் நாம் கொடுக்கும் பணம் பொருளின் உறுதிக்குப் போய்ச்சேர்வதில்லை. ஆதலின் கடையில் நிற்கும்போது நான்கு வினாக்களைக் கேட்குமாறு இளைஞரை வேண்டுகின்றோம். இதனைத் திறக்க இயலுமா? இதன் உதிரிப்பாகம் ஹற்றனிலோ கண்டியிலோ கிடைக்குமா? இதன் விலையை இஃது உழைக்கும் மாதங்களால் வகுத்தால் மாதமொன்றுக்கு எவ்வளவு வரும்? ஓயாத மழையில் இதற்கு என்ன நேரும்? இந்நான்குக்கும் விடை பெற்றபின், அது பழையதாயினும் புதியதாயினும், கூசாமல் வாங்கலாம். பழையதை வாங்குவோர் மற்றொன்றும் காண்க: சாயம் போனதும் கீறல் விழுந்ததும் குறையல்ல, உட்புறம் வெடித்த இரும்பும் உளுத்த மின்கம்பியுமே குறை. மின்கருவியாயின் தக்கவரிடம் காட்டியபின்னரே வீட்டிற் பொருத்துக.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு எம் விண்ணப்பம் இரண்டு. விழாக்களின் நினைவாகக் கல்வெட்டுப் பதிப்பதும் வளைவு எழுப்புவதும் மரபாகிவிட்டன. இவ்விழாவின் நினைவாகக் கல்லூரியில் ஒரு செப்பனிடுங் கூடம் அமைத்தால் என்ன? இரண்டு மேசை, ஒரு பற்றுக்குறடு, சில திருப்புளிகள், ஒரு சாணைக்கல், ஒரு தையல் இயந்திரம் போதும். கிழமைக்கு ஒருநாள் மாலை மாணவர் தம் வீட்டு விளக்கையும் குடையையும் கடிகாரத்தையும் கொணர்ந்து, கைதேர்ந்த ஒருவர் முன்னிலையிற் தாமே பிரித்துப் பூட்டப் பழகட்டும். பௌதிகப் பாடத்திற் படித்த நெம்புகோலும் மின்சுற்றும் அப்போதுதான் அவர்க்கு உரிமையாகும்.

இரண்டாவது, வட்டியில்லாச் சிறுகடன் நிதி ஒன்று. படிப்பை முடித்துத் தொழிலுக்குச் செல்லும் ஏழை மாணவன் ஒருவன், ஒரு நல்ல கருவிப்பெட்டியோ தையல் இயந்திரமோ வாங்குதற்குரிய தொகையை அந்நிதியிற் பெற்றுச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரலாம். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு ஒருவேளை விருந்துக்காகும் தொகை, இங்கே ஒரு குடும்பத்துக்கு மலிவுச் சரக்கின் பிடியிலிருந்து விடுதலை தரும்.

இவை நடைபெறுவதற்கு முன் நம் மனத்திற் பிடித்த துரு ஒன்று நீங்கவேண்டும். கையில் எண்ணெய்க்கறை படிந்தவனைத் தாழ்ந்தவனென்றும், மேசையில் அமர்ந்து எழுதுபவனை உயர்ந்தவனென்றும் எண்ணும் வழக்கமே அது. கடைவீதியின் ஓரத்தே, சாக்கு விரித்து அமர்ந்து, அறுந்த சப்பாத்தைத் தைத்தும் முறிந்த குடைக்கம்பியை மாற்றியும் கொடுக்கும் தொழிலாளி, ஏழைக்குடும்பம் ஒன்றின் ஒருநாட் சம்பளத்தைக் காப்பாற்றித் தருகின்றான். அவனுக்குரிய கூலியைப் பேரம் பேசாது கொடுப்பதும், அவன் பிள்ளையை நம் கல்லூரியில் முன்வரிசையில் அமரச் செய்வதும் நம் கடமை.

நம் முன்னோர் குளிரிலும் மழையிலும் இம்மலைகளைத் திருத்தியபோது அவர்க்கென வாய்த்த பொருள்கள் மிகச் சிலவே. நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பன பல. பலவற்றுள் தக்கதைத் தெரிந்தெடுக்கவும், எடுத்ததைப் பேணவும், பழுதுற்றதைத் திருத்தவும் அவர்கள் கற்பார்களாயின், அவர்தம் உழைப்பின் பயன் அவர்தம் வீட்டிலேயே தங்கும். அக்கல்வியையும் தருவதாக நம் கல்லூரி மேன்மேலும் வளர்க என வாழ்த்துகின்றோம்.